மஞ்சக் கடுதாசி கொடுக்கலாமா? சம்பளமும் கம்மி, சொத்தும் இல்லாதவங்க ஐ.பி. போடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

எங்க பக்கம் ஒருத்தர் கடன் தாங்காம கையை விரிச்சுட்டா மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்னு சொல்லுவாங்க. கோர்ட் பக்கம் அதையே ஐ.பி. போட்டாச்சுன்னு சொல்லுவோம். ஐ.பி.ன்னா இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது என்னால கடனை அடைக்க முடியல, என்கிட்ட இருக்கிறதை எடுத்து எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுங்க, என்னை விட்ருங்கன்னு கோர்ட்டுகிட்ட கேக்குற மனு. நான் திருப்பூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல பதினாலு வருஷமா குமாஸ்தாவா இருக்கேன், வக்கீல் இல்ல. ஆனா ஐ.பி. போடணும்னு வர்ற முகத்தை எல்லாம் முதல்ல பாக்குறது நான்தான். பனியன் கம்பெனியில செக்கிங் பாக்குறவங்க, டெய்லரு, வண்டி ஓட்டுறவங்க, வீட்டு வேலைக்குப் போறவங்கன்னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு ஐ.பி.யே தேவையில்ல. அது தெரியாம தாலிக்கொடியை வித்து, புள்ளையை படிப்புலருந்து நிறுத்தி, அப்புறமாத்தான் எங்ககிட்ட வர்றாங்க. அவங்க அதுக்கு முன்னாடியே படிக்கணும்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். கடன்காரன் வாசல்ல நிக்கிறானேன்னு உயிரை விட்டுடலாம்னு தோணுதுன்னா இதையெல்லாம் அப்புறம் படிச்சுக்கலாம், இப்பவே 14416-க்கோ 104-க்கோ போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசுவாங்க. 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல கந்துவட்டிக் கொடுமையால ஒரு குடும்பமே புள்ளைங்களோட தீக்குளிச்சதை மறக்க முடியாது. பணத்துக்கு வழி இருக்கு, நான் கண்ணால பாத்திருக்கேன்.

முதல் வேலை: எல்லாத்தையும் ஒரு இடத்துல கொட்டுங்க

போன ஆடி மாசம் ஒரு அக்கா வந்தாங்க. லைன் வீட்ல இருக்காங்க, சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் வாங்குறவங்க, வீட்டுக்காரருக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆகி வேலைக்குப் போக முடியல. வந்து உக்காந்ததும், "தம்பி, ஐ.பி. போட எவ்வளவு ஆகுங்க?"ன்னுதான் கேட்டாங்க. மொத்தம் எவ்வளவு கடன்க்கான்னு நான் கேட்டேன், "அது ஒரு நாலஞ்சு லட்சம் இருக்குமுங்க தம்பி"ன்னாங்க. யாரைக் கேட்டாலும் இந்த "இருக்கும்"தான் பதிலா வரும். கொண்டு வந்திருந்த துணிப்பையை பெஞ்சுல கொட்டச் சொன்னேன். குழு லோன் அட்டை ரெண்டு, நகைக்கடன் ரசீது, போன் வாங்குன தவணை பில்லு, தண்டல்காரர் டிக் போட்டுக் கொடுத்த சின்ன அட்டை, நடுவுல ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எல்லாம் விழுந்துச்சு. நாப்பது பக்க நோட்டு ஒண்ணு எடுத்து கோடு போட்டு எழுதினோம், முழுசா ரெண்டு மணி நேரம் ஆச்சு.

எழுதினது இதுதான். குழு லோன் ஒண்ணுல பாக்கி 28,000, இன்னொண்ணுல 41,000. ரெண்டு பவுன் மேல நகைக்கடன் 65,000. பக்கத்து வீட்டுல கைமாத்து 30,000, பேப்பர் எதுவும் இல்ல. மூணு வட்டிக்கு ப்ரோநோட்டு எழுதி வாங்குனது ஒரு லட்சம். தண்டல் பாக்கி 6,000, போன் தவணை 9,000. கூட்டினா 2,79,000. வீட்டுக்காரர் பேர்ல பைக் பைனான்ஸ் தனியா இருந்துச்சு, இவங்க அதுல கையெழுத்துப் போடல, அதனால அதை இவங்க கணக்குல சேக்கல. நாலஞ்சு லட்சம்னு வந்தவங்களுக்கு அந்தக் கூட்டல பாத்ததும் மூச்சு வந்துச்சு. நகைக்கடனுக்கு நகையே இருக்கு, அதைத் தள்ளினா 2,14,000. அப்புறம் அந்த ப்ரோநோட்டுக்கு மாசம் மூவாயிரம் வீதம் 26 மாசம் வட்டி கட்டியிருக்காங்க. 78,000 ரூபா போயிருக்கு, அசல்ல ஒத்த ரூபா குறையல.

நீங்களும் இதே மாதிரி எழுதுங்க. யாருக்குக் கொடுக்கணும், அவங்க முழு விலாசம், வாங்குனது எவ்வளவு, இதுவரைக்கும் கட்டுனது எவ்வளவு, கடைசியா எந்தத் தேதி கட்டினீங்க, என்ன எழுதிக் கொடுத்திருக்கீங்க (ப்ரோநோட்டா, செக்கா, வெத்துப் பத்திரமா), கூட ஜாமீன் யாரு. இந்தக் கடைசி ரெண்டு விஷயத்தை நல்லா யோசிச்சு எழுதுங்க, பின்னாடி முடிவு அதுல இருந்துதான் வரும். நாளைக்கு நிஜமாவே ஐ.பி. போட்டாலும் மனுவுல கேக்குறது இதே விவரம்தான், அதனால எழுதுனது வீணாப் போகாது.

கோர்ட்டால உங்ககிட்ட என்ன எடுக்க முடியும்?

பொதுவா கடன் கொடுத்தவர் கேஸ் போட்டு ஜெயிச்சு டிகிரி (பணத்தைக் கட்டச் சொல்ற கோர்ட் தீர்ப்பு) வாங்கி, அப்புறம் ஈ.பி. (அந்தத் தீர்ப்பை நிறைவேத்தச் சொல்ற மனு) போட்டாத்தான் எதையும் ஜப்தி பண்ண முடியும். வாசல்ல வந்து நின்னுக்கிட்டு டிவியைத் தூக்கிட்டுப் போறேன்னு சொல்றதுக்கு எவனுக்கும் அதிகாரம் கிடையாது. கோர்ட்டே வந்தாலும் சில சாமான்ல கை வைக்க முடியாது. சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுல அந்தப் பட்டியல் இருக்கு: உடுத்துற துணி, சமைக்கிற பாத்திரம், பாய் படுக்கை, தொழில் செய்றவங்களோட கருவி (டெய்லருக்குத் தையல் மெஷின், ஆசாரிக்கு உளி), மத வழக்கப்படி பொம்பளைங்க கழட்டக்கூடாத நகை, அதாவது தாலி. கூலி வேலை பாக்குறவங்களோட கூலி, வீட்டு வேலை செய்றவங்களோட சம்பளம், பி.எப்., கிராஜுட்டி, கவர்மென்ட் பென்ஷன், உங்க பேர்ல இருக்கிற ஆயுள் காப்பீட்டுப் பணம், இதுலயும் கை வைக்க முடியாது. மாசச் சம்பளக்காரங்களா இருந்தா முதல் 1,000 ரூபாயும் மீதியில மூணுல ரெண்டு பங்கும் உங்களுதுதான், அதுக்கு மேல உள்ளதைத்தான் பிடிக்கலாம்.

ஜெயில்? இதுக்குத்தான் எல்லாரும் பயப்படுறாங்க. பணம் கட்டச் சொல்ற டிகிரிக்காக ஒரு பொம்பளையை அரெஸ்ட் பண்ணவே கூடாது, 56-வது பிரிவு அதை நேராவே சொல்லுது. அந்த அக்காகிட்ட இதைச் சொன்னப்ப, "நெசமாவாங்க?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. மூணு வருஷமா தெருவுல போலீஸ் வண்டி போனாலே கதவைச் சாத்திக்கிட்டு இருந்திருக்காங்க. ஆம்பளைங்களா இருந்தாலும் வசதி இருந்தும் கட்டாம ஏமாத்துறாருன்னு நிரூபிச்சாத்தான் சிவில் ஜெயிலுக்கு அனுப்பலாம், வெறும் இல்லாமைக்காக ஒருத்தரை உள்ள வைக்கக்கூடாதுன்னு 1980-லயே சுப்ரீம் கோர்ட்டுல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்குல தீர்ப்பு எழுதியிருக்காரு. அப்படியே அனுப்பினாலும் 5,000 ரூபாய்க்கு மேல உள்ள டிகிரிக்கு அதிகபட்சம் மூணு மாசம், அந்த நாளுக்கான சாப்பாட்டுச் செலவைக் கடன் கொடுத்தவரேதான் கட்டணும்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. சொந்த வீடு இல்ல, நிலம் இல்ல, கூலிச் சம்பளம், வீட்டுல பாத்திரமும் பீரோவும்தான். ஐ.பி. கொடுத்து கோர்ட்டுகிட்ட வாங்கப் போற பாதுகாப்புல பெரும்பங்கு ஏற்கனவே உங்ககிட்ட இருக்கு, அதுக்கு மனுவே வேண்டாம். வக்கீல் பாஷையில இதை ஜட்ஜ்மென்ட் ப்ரூஃப்னு சொல்லுவாங்க, டிகிரி வாங்கினாலும் வசூல் பண்ண எதுவும் இல்லாத ஆளுன்னு அர்த்தம். கடன் கொடுத்தவங்களோட வக்கீலுக்கும் இது தெரியும், அதனாலதான் அவங்க கேஸ் போடுறதை விட்டுட்டு ஆளை அனுப்பி மிரட்டுறாங்க.

ஐ.பி. தொடாத கடன்கள்

நகைக்கடன், வீட்டு லோன், வண்டி லோன் மாதிரி அடமானம் இருக்கிற கடனை ஐ.பி. நிறுத்தாது, அவங்க அடமானத்தை ஏலம் போட்டு எடுத்துக்கலாம். நகையோட இன்னிக்கு மதிப்பு கடனை விட நல்லா கூட இருந்தா வட்டியைக் கட்டி அதைக் காப்பாத்துறது நல்லது, இல்லைன்னா நீங்களே வித்து கணக்கை முடிச்சு மீதிப் பணத்தை வாங்கிக்கோங்க, ஏலத்துக்குப் போக விடாதீங்க.

செக் கொடுத்திருக்கீங்கன்னா உஷாரா இருங்க. செக் ரிட்டர்ன் கேஸ் கிரிமினல் கேஸ், ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கு, செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம் இருக்கு, ஐ.பி. போட்டாச்சுங்கன்னு சொன்னா அந்தக் கேஸ் நிக்காது, பொம்பளைங்களை அரெஸ்ட் பண்ணக்கூடாதுங்கிற மேல சொன்ன பாதுகாப்பும் இதுக்குக் கிடையாது. வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்த நாள்லருந்து பணத்தைக் கட்ட 15 நாள்தான் டைம். அதனால கையில கொஞ்சம் காசு இருந்து யாருக்கு முதல்ல கொடுக்கிறதுன்னு கேட்டா, அரிசிக்கும் வாடகைக்கும் அப்புறம் செக் கொடுத்திருக்கிற கடனைப் பாருங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

ஜாமீன் கையெழுத்து. நீங்க ஐ.பி. கொடுத்து விடுதலையே வாங்கினாலும் உங்களுக்கு ஜாமீன் போட்டவர் விடுதலை ஆகமாட்டார், கடன் அப்படியே அவர் தலையில போய் உக்காரும். குழு லோனும் இதே மாதிரிதான், நீங்க நின்னுட்டா கூட இருக்கிற நாலு பொம்பளைங்க வாசலுக்கு ஆள் போவாங்க. அவங்களும் உங்களை மாதிரி சனிக்கிழமை சம்பளக்காரங்கதான், அதனால அவங்ககிட்ட முன்னாடியே மனசு விட்டுப் பேசிடுங்க. கவர்மென்ட்டுக்குக் கட்ட வேண்டியது, ஏமாத்தி வாங்குனது, மனைவி புள்ளைங்களுக்குக் கோர்ட் போட்ட ஜீவனாம்சம், இதுலருந்தும் ஐ.பி. காப்பாத்தாது.

ப்ரோநோட்டு பழசா இருந்தா தேதியைப் பாருங்க. எழுதுன நாள்லருந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் போடணும், இல்லைன்னா காலாவதி. நடுவுல பின்பக்கம் வரவு எழுதி உங்க கையெழுத்து வாங்கியிருந்தா அந்தத் தேதியிலருந்து மறுபடி மூணு வருஷம். அதனாலதான் மூணாவது வருஷம் முடியப் போறப்ப ஒருத்தர் ரொம்ப அன்பா வந்து, "நூறு ரூபா கொடும்மா, ஒரு கையெழுத்து மட்டும் போடு"ன்னு கேப்பாரு. அன்னிக்கு யாரையாவது விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுட்டு அப்புறம் போடுங்க.

அப்புறம் வட்டி. மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்து, தண்டல், இதையெல்லாம் தடை பண்ணி தமிழ்நாட்டுல 2003-லயே சட்டம் இருக்கு. மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 30,000 ரூபா வரைக்கும் அபராதம். பத்தாயிரம்னு சொல்லி கையில 8,500 கொடுத்து நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் வாங்குறது எல்லாம் இதுக்குள்ளதான் வருது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுங்க, எஸ்.பி. ஆபீஸ்லயோ கமிஷனர் ஆபீஸ்லயோ ஒரு காப்பி கொடுத்து, மனு வாங்குனதுக்கு ரசீது கேட்டு வாங்குங்க. லோன் ஆப்ல வாங்கிட்டு போட்டோவை மாத்தி அனுப்புறேன்னு மிரட்டுனா 1930-க்குப் போன் பண்ணி சைபர் கிரைம்ல சொல்லுங்க.

ஐ.பி.க்கு முன்னாடி முயற்சி பண்ண வேண்டியது

வங்கி, பைனான்ஸ் கம்பெனின்னு ரிசர்வ் பேங்க் கட்டுப்பாட்டுல இருக்கிறவங்களோட வசூல் ஆளுங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு அப்புறமும் போன் பண்ணக்கூடாது, குழு லோனுக்கு இன்னும் கண்டிப்பு, காலை 9 மணியிலருந்து சாயங்காலம் 6 மணி வரைக்கும்தான். சொந்தக்காரங்களுக்குப் போன் பண்ணி அசிங்கப்படுத்தக் கூடாது, வீட்ல உக்காந்துக்கிட்டு போகமாட்டேன்னு சொல்லக்கூடாது. மீறினா முதல்ல அந்தக் கம்பெனிக்கே எழுத்துல புகார் கொடுங்க, 30 நாள்ல பதில் வரலைன்னாலோ பதில் சரியில்லைன்னாலோ ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவு கிடையாது, விவரம் கேக்க நம்பர் 14448. கட்டாய வசூலுக்கு எதிரா 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபையிலயும் தனியா ஒரு சட்ட மசோதா நிறைவேத்தினாங்க, ஸ்டேஷன்ல புகார் எழுதுறப்ப அதையும் கேளுங்க.

கோர்ட் வளாகத்துக்குள்ளயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுன்னு ஒரு ஆபீஸ் இருக்கும். பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் அங்க இலவச வக்கீல் உண்டு, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், தொழிலாளிங்களுக்கும் உண்டு, மத்தவங்களுக்கு வருமான வரம்பு இருக்கு. போன் 15100. கேஸ் வர்றதுக்கு முன்னாடியே அங்க மனு கொடுத்து கடன் கொடுத்தவரைக் கூப்பிட்டு லோக் அதாலத்துல, அதாவது மக்கள் நீதிமன்றத்துல, பேசி முடிக்கலாம், கோர்ட் ஃபீஸ் கிடையாது. அங்க போடுற முடிவுக்கு அப்பீல் இல்ல, அதனால மாசம் எவ்வளவு முடியுமோ அதுக்கு மட்டும் ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடுங்க, வெக்கப்பட்டுக்கிட்டு பெரிய தொகையைச் சொல்லிடாதீங்க.

அந்த அக்கா அப்படித்தான் பண்ணாங்க. ப்ரோநோட்டுக்காரரை லோக் அதாலத்துக்குக் கூப்பிட்டு ஏற்கனவே கட்டுன 78,000 வட்டியை நோட்டுல காட்டினோம், தேதி வாரியா எழுதி வச்சிருந்ததால அவரால மறுக்க முடியல, கடைசியில 60,000, மாசம் 5,000 வீதம் 12 தவணைன்னு முடிஞ்சுச்சு. குழு லோன்ல தவணையைக் குறைச்சு மாசத்தை நீட்டிக் கொடுத்தாங்க. ஐ.பி. போடல.

சம்மன் வந்தா தயவு செஞ்சு வாங்குங்க. வாங்காம ஒளிஞ்சா கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது நீங்க இல்லாமலே நடந்து, அவங்க கேட்ட வட்டியோட டிகிரி ஆயிடும். நேர்ல போய் நின்னு வாங்குன தொகையையும் கட்டுன தொகையையும் சொல்லி, டிகிரி போடுறப்பவே தவணை கேட்டா கோர்ட்டே தவணை போட்டுக் கொடுக்க முடியும், அப்புறமா கேட்டா எதிர்பார்ட்டி சம்மதிச்சாத்தான். தெரியாம எக்ஸ்பார்ட்டி ஆயிருந்தா 30 நாள்ல அதை ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்.

ஒண்ணு மட்டும் வேண்டாம்னு கெஞ்சிக் கேக்குறேன். கடனை செட்டில் பண்ணித் தர்றோம்னு முன்பணம் கேக்குற ஏஜென்சிகிட்ட போகாதீங்க. அவங்க செய்றதா சொல்ற வேலையை மேல சொன்ன ஆபீஸ்ல சும்மா செஞ்சு தர்றாங்க.

நிஜமாவே ஐ.பி. தேவைப்படுறவங்க

எல்லாருக்கும் வேண்டாம்னு சொல்லல. எங்ககிட்ட ஒரு அண்ணன் வந்தாரு. நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் பண்ணிட்டிருந்தவர், ஆர்டர் கொடுத்தவங்க பணம் தராம விட்டுட்டாங்க, 14 பேருக்கு 19 லட்சம், ரெண்டு டிகிரி ஆகி அதுல ஒண்ணுல அரெஸ்ட் வாரண்டே வந்துருச்சு. ஒருத்தரை சமாதானம் பண்ணா இன்னொருத்தர் கேஸ் போடுறாரு, ஒவ்வொரு கோர்ட்டா ஓடவே அவருக்கு கூலி போகுது. இப்படி ஆளு நிறைய, தொகை பெருசு, டிகிரியும் ஈ.பி.யும் வரிசையா வருதுன்னா ஐ.பி. சரியான வழிதான்.

திருப்பூர் மாதிரி மாவட்டங்களுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண நொடிப்புச் சட்டம், சென்னை நகரத்துக்கு 1909-ஆம் வருஷத்துச் சட்டம், சென்னையில ஹைகோர்ட்டுல போடணும், இங்க சப் கோர்ட்டுல. 500 ரூபாயோ அதுக்கு மேலயோ கடன் இருந்து அடைக்க முடியலைன்னா போடலாம், இல்ல டிகிரிக்காக அரெஸ்ட் ஆகியிருந்தா, சொத்து ஜப்தி ஆகியிருந்தா போடலாம். டிகிரிக்காக உங்களைப் பிடிச்சு கோர்ட்டுக்குக் கொண்டு வந்தா, ஐ.பி. போட உங்களுக்கு உரிமை இருக்குன்னு கோர்ட்டே உங்களுக்குச் சொல்லணும்னு சட்டம். ஒரு மாசத்துல போடுறேன்னு ஜாமீன் கொடுத்துட்டு வெளிய வரலாம்.

மனுவுல எல்லாக் கடனும், எல்லாரோட விலாசமும், உங்ககிட்ட இருக்கிற எல்லா சொத்தும் வரணும். எல்லாருக்கும் நோட்டீஸ் போகும், வந்து ஆட்சேபணை சொல்லுவாங்க, உங்களைக் கூண்டுல ஏத்தி கேள்வி கேப்பாங்க. மனு போட்ட மறுநாளே எல்லாம் நின்னுடும்னு நினைக்காதீங்க, நொடித்தவர்னு (கடனை அடைக்க முடியாதவர்னு) கோர்ட் உத்தரவு போட்ட அப்புறம்தான் அனுமதி இல்லாம புதுசா கேஸ் போட முடியாது, அரெஸ்ட்லருந்து பாதுகாப்பு வேணும்னா அதுக்கும் தனியா மனு போட்டுக் கேக்கணும். உத்தரவு ஆனதும் உங்க சொத்து, அதைப் பாத்துக்க கோர்ட் நியமிக்கிற ரிசீவர் கைக்குப் போகும், மேல சொன்ன பாத்திரம், துணி, தொழில் கருவி எல்லாம் போகாது. வருஷக் கணக்குல இழுக்கும், அதுக்குத் தயாரா இருங்க.

இங்கதான் நிறையப் பேர் தப்புப் பண்ணிடுறாங்க. ஐ.பி. போடப் போறோம்னு தெரிஞ்சதும் இருக்கிற ரெண்டு சென்ட்டை மச்சான் பேர்ல எழுதி வச்சுடுறாங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள சும்மா எழுதிக் கொடுத்தது எதுவா இருந்தாலும் ரிசீவர் ரத்து பண்ண வைக்க முடியும். சொந்தக்காரங்க கடனை மட்டும் அடைச்சுட்டு மூணு மாசத்துக்குள்ள மனு போட்டா அதுவும் செல்லாது. மறைச்சது தெரிஞ்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். ரெண்டு சென்ட்டுக்காக மொத்த மனுவும் கெட்டுப் போய் அழுதவரை நான் பாத்திருக்கேன், கடன் கொடுத்தவங்கள்ல ஒருத்தர் வில்லங்கச் சான்று போட்டு எடுத்துட்டு வந்துட்டாரு.

இன்னொண்ணு, யாரும் சொல்றதில்ல. நொடித்தவர்னு உத்தரவு வந்தா கடன் தீர்ந்துடாது, அது பாதி தூரம்தான். அந்த உத்தரவுலயே டிஸ்சார்ஜ், அதாவது கடன்லருந்து விடுதலை, கேக்க ஒரு கெடு போட்டிருப்பாங்க. அந்தத் தேதிக்குள்ள மனு போடலைன்னா உத்தரவே ரத்து, கடன்காரங்க திரும்ப வாசலுக்கு வந்துடுவாங்க, மறுபடி ஐ.பி. போடணும்னா கோர்ட் அனுமதி வேணும். அந்தத் தேதியை காலண்டர்ல எழுதி, வக்கீல் ஆபீஸ்லயும் மாசம் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க. டிஸ்சார்ஜ் கேக்குறப்ப கடன்ல ரூபாய்க்கு எட்டணாவாவது (பாதியாவது) தேறணும்னு சட்டம் இன்னும் அணாக் கணக்குலதான் பேசுது, உங்ககிட்ட அது தேறாது, ஆனா இது என் தப்பால வந்த நஷ்டம் இல்லைன்னு கோர்ட்டுக்குக் காட்டினா தடை இல்ல. அதனால ஆஸ்பத்திரி பில்லு, வேலையை விட்டு நிறுத்துன லெட்டர், பணம் தராத கம்பெனியோட பில்லு, ஒத்தப் பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க. அந்த ஜாப் ஒர்க் அண்ணன், பணம் வராத பில்லுங்களை ஒரு பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருந்தாரு, அதுதான் அவருக்குக் கை கொடுத்துச்சு.

டிஸ்சார்ஜ் வாங்குற வரைக்கும் உள்ளாட்சிப் பதவிக்கோ எம்.எல்.ஏ.வுக்கோ நிக்க முடியாது, 50 ரூபாய்க்கோ அதுக்கு மேலயோ கடன் வாங்குனா நான் ஐ.பி. கொடுத்தவன்னு சொல்லித்தான் வாங்கணும். அரசிதழ்ல பேர் வரும். சிபில் கெடும், ஆனா தவணை நின்ன அன்னிக்கே அது கெட்டுடுச்சு.

2016-ல வந்த புதுச் சட்டத்துல ஏழைங்களுக்குன்னே ஃப்ரெஷ் ஸ்டார்ட்னு ஒரு வழி எழுதியிருக்காங்க, யூடியூப்ல பாத்துட்டு நிறையப் பேர் கேக்குறாங்க. வருஷ வருமானம் 60,000-க்குள்ள, சொத்து 20,000-க்குள்ள, கடன் 35,000-க்குள்ள, சொந்த வீடு இருக்கக்கூடாது, அப்படி இருந்தா கடனையே தள்ளுபடி பண்ணலாம்னு இருக்கு. ஆனா நான் இதை எழுதுற வரைக்கும் அந்தப் பகுதியைச் சாதாரண ஆளுங்களுக்கு நடைமுறைக்குக் கொண்டு வரல, பழைய சட்டம்தான் ஓடுது. வந்தாலும் மாசம் 5,000 சம்பாதிக்கிறவங்களுக்குத்தான் பொருந்தும், செக்கிங் வேலை பாக்குற அந்த அக்காவுக்கே கிடைக்காது. இந்த வரம்பை உயர்த்தி சீக்கிரம் அமல்படுத்தணும்னு மனசார நினைக்கிறேன்.

ஆபீஸுக்கு வர்றப்ப அந்த நோட்டு, ஆதார், ரேஷன் கார்டு, ஆறு மாச பாஸ்புக், லோன் அட்டைங்க, ஆஸ்பத்திரி பேப்பரு, வந்த நோட்டீஸ் எல்லாத்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டு வாங்க. கூட ஜாமீன் போட்டவரையும் கூட்டிட்டு வந்தா ரொம்ப நல்லது. சம்மன், நோட்டீஸ் வந்த கவரைக் கிழிச்சுத் தூக்கிப் போட்றாதீங்க, என்னிக்கு உங்க கைக்கு வந்துச்சுங்கிற போஸ்ட் ஆபீஸ் சீல் அந்தக் கவர் மேலதான் இருக்கும், செக் நோட்டீஸுக்கு அந்த 15 நாளை அதுலருந்துதான் எண்ணுவோம்.